12,34,56,789-ஐப் பிரித்துப் பார்ப்போம்: ஒரு பெரிய முழு எண்ணின் பண்புகளைக் கையால் கண்டறிய முழுமையான வழிகாட்டி

ஒரு பெரிய எண்ணைக் கொடுத்து "இதன் பண்புகளைச் சொல்" என்றால், புதிதாகக் கற்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே தவற்றைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். எத்தனை காரணிகள், வர்க்க எண்ணா, எந்த எண்ணோடு பொதுக் காரணி உண்டு என்று ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாக முதலிலிருந்து தொடங்குவார்கள். அரை மணி நேரத்தில் தாள் நிறைந்துவிடும், விடை வந்திருக்காது. பகாக் காரணிகளைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. அது முடிந்தால் மற்றவை இரண்டிரண்டு வரிக் கணக்குகள்தான்.

எடுத்துக்காட்டுக்கு 123456789-ஐ எடுத்துக்கொள்கிறேன். பார்க்க விளையாட்டு எண் மாதிரி இருக்கும். ஆனால் வழியில் வரக்கூடிய பள்ளங்கள் ஏறக்குறைய எல்லாமே இதில் இருக்கின்றன.

## 1. தொடங்கும் முன் தேவையானவை

100-க்குள் இருக்கும் 25 பகா எண்களை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள்: 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37, 41, 43, 47, 53, 59, 61, 67, 71, 73, 79, 83, 89, 97. மனப்பாடம் என்று நம்பி உட்காருகிறவர்கள் வழக்கமாக 91-ஐச் சேர்த்துவிடுவார்கள். அது 7 × 13. 1 என்ற எண்ணையும் பட்டியலில் சேர்க்காதீர்கள், அது பகா எண் அல்ல.

சாதாரண கால்குலேட்டர் ஒன்று போதும். காரணிகளைச் சொல்லிவிடும் இணையக் கருவிகளை இப்போது திறக்க வேண்டாம். கடைசியில் சரிபார்க்க அவை உதவும், ஆனால் முதலிலேயே விடையைப் பார்த்துவிட்டால் எந்தப் படி எதற்கு என்பது புரியாமலே போய்விடும்.

தாளின் வலது ஓரத்தில் ஒரு கோடு போட்டு, அங்கே மீதிகளை மட்டும் எழுதிக்கொண்டே வாருங்கள். "வகுபடவில்லை" என்று எழுதினால் போதாது, "மீதி 5" என்று எழுதுங்கள். இந்த மீதிகளை வைத்துத்தான் பின்னால் பிழை பிடிக்கப் போகிறோம்.

## 2. எண்ணை இரண்டு விதமாக எழுதுங்கள்

முதலில் நம் வழக்கப்படி: 12,34,56,789. பன்னிரண்டு கோடியே முப்பத்து நான்கு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பது. எண்ணின் அளவு மனத்தில் பதிய இது வேண்டும்.

அதற்குக் கீழே, வலது பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாக: 123 | 456 | 789.

இரண்டாவது வரி எதற்கு? 7, 11, 13, 37 போன்ற எண்களுக்கான சோதனைகள் மூன்று இலக்கத் துண்டுகளை வைத்து நடக்கின்றன. லட்சம், கோடிக் காற்புள்ளிகளை அப்படியே துண்டுகளாக எடுத்து 789 − 56 + 34 − 12 என்று போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கு அழகாக முடியும், விடை மட்டும் முழுத் தவறு. இடமிருந்து துண்டு போடுவதும் இதே வகைத் தவறுதான். இந்த எண்ணில் ஒன்பது இலக்கம் இருப்பதால் தப்பிக்கலாம், எட்டு இலக்க எண்ணில் மாட்டிக்கொள்வோம்.

## 3. கடைசி இலக்கங்கள் சொல்வதைக் கேளுங்கள்

கடைசி இலக்கம் 9. ஆகவே 2-ஆலும் 5-ஆலும் வகுபடாது.

கடைசி இரண்டு இலக்கம் 89. அதை 4-ஆல் வகுத்தால் மீதி 1. 100 என்பது 4-இன் மடங்கு என்பதால் முழு எண்ணுக்கும் அதே மீதிதான். கடைசி மூன்று இலக்கம் 789. அதை 8-ஆல் வகுத்தால் மீதி 5.

எண் ஒற்றைப்படை என்று தெரிந்த பிறகும் 4, 8 எதற்கு என்று கேட்கலாம். ஒற்றை எண் எதையும் வர்க்கம் செய்து 8-ஆல் வகுத்தால் மீதி 1 மட்டுமே வரும். நம் எண்ணுக்கு மீதி 5. ஆகவே இது வர்க்க எண் அல்ல. வர்க்கமூலம் போட்டுப் பார்க்காமலே ஒரு கேள்வி முடிந்தது. 4-இன் மீதி 7-ஆம் படியிலும் 12-ஆம் படியிலும் மறுபடி வரும், அதை ஓரத்தில் எழுதிவையுங்கள்.

## 4. மூன்றை முழுதாக வெளியே எடுங்கள்

இலக்கங்களின் கூட்டுத்தொகை 1 + 2 + … + 9 = 45. அது 9-இன் மடங்கு, எனவே எண்ணும் 9-ஆல் வகுபடும்.

123456789 ÷ 9 = 13717421.

இங்கே ஒரு பள்ளம் உண்டு. கூட்டுத்தொகை விதி 3-க்கும் 9-க்கும் மட்டுமே. "27-க்கும் அதே மாதிரி 27-இன் மடங்காக வந்தால் போதும்" என்று நீட்டிக்கொள்ளக் கூடாது. 9-க்கு அந்த விதி வேலை செய்யக் காரணம், 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதுதான். 10-ஐ 27-ஆல் வகுத்தால் மீதி 10. விதியின் அடிப்படையே அங்கு இல்லை.

27 உண்டா என்று அறிய எளிய வழி, கிடைத்த ஈவை மறுபடி சோதிப்பது. 13717421-இன் இலக்கங்களைக் கூட்டினால் 26. அது 3-ஆல் வகுபடாது. ஆகவே மூன்று இரண்டு முறை மட்டுமே இருக்கிறது: 3².

ஒரு காரணி கிடைத்ததும் அதே காரணியை ஈவில் மறுபடி சோதிக்காமல் அடுத்த பகா எண்ணுக்குத் தாவுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. 987654321-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 9-ஐ எடுத்தால் 109739369. அது 17-ஆல் வகுபட்டு 6455257 தரும். அங்கேயே 19-க்குப் போய்விட்டால் போச்சு. 6455257 மறுபடியும் 17-ஆல் வகுபடுகிறது, ஈவு 379721. அந்த இரண்டாவது 17-ஐத் தவறவிட்டால் காரணிகளின் எண்ணிக்கை, கூட்டுத்தொகை எல்லாமே தவறாகிவிடும்.

இனிமேல் எல்லாச் சோதனையும் 13717421-இல்தான். பழைய எண்ணை மறந்துவிடலாம்.

## 5. துண்டு போட்டுச் சோதித்தல்

ஒவ்வொரு பகா எண்ணாலும் நீள வகுத்தல் செய்ய வேண்டியதில்லை. சில பகா எண்கள் 10-இன் அடுக்குகளுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்களுக்குள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைக் கூட்டம் கூட்டமாகத் தீர்த்துவிடலாம்.

மூன்று இலக்கத் துண்டு, மாறி மாறிக் கழித்தல். 1001 = 7 × 11 × 13. வலமிருந்து 13 | 717 | 421. கணக்கு: 421 − 717 + 13 = −283. 283-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3, 11-ஆல் 8, 13-ஆல் 10. எதிலும் பூச்சியம் இல்லை. மூன்று பகா எண்களும் ஒரே கழித்தலில் போயின. −283 குறை எண் என்பதால் 11-க்கான உண்மையான மீதி 11 − 8 = 3. இந்த 3-ஐக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று இலக்கத் துண்டு, கூட்டல். 999 = 27 × 37. 421 + 717 + 13 = 1151. அதை 37-ஆல் வகுத்தால் மீதி 4.

நான்கு இலக்கத் துண்டு, கழித்தல். 10001 = 73 × 137. 7421 − 1371 = 6050. 73-ஆல் மீதி 64, 137-ஆல் மீதி 22.

ஐந்து இலக்கத் துண்டு, கூட்டல். 99999 = 9 × 41 × 271. 17421 + 137 = 17558. 41-ஆல் மீதி 10, 271-ஆல் மீதி 214.

இரண்டு இலக்கத் துண்டு, கழித்தல். இது 101-க்கு. 21 − 74 + 71 − 13 = 5. மீதி 5.

நான்கைந்து வரிகளில் 7, 11, 13, 37, 41, 73, 101, 137, 271 ஆகிய ஒன்பது பகா எண்களைத் தள்ளிவிட்டோம். இதில் அடிக்கடி நடக்கும் பிழை, கூட்டவேண்டிய இடத்தில் கழிப்பது. நினைவில் வைக்க எளிய வழி: 999, 99999 என்று ஒன்பதுகளாக இருந்தால் கூட்டல், 1001, 10001 என்று ஓரத்தில் ஒன்று இருந்தால் மாறி மாறிக் கழித்தல்.

## 6. மிச்சமுள்ள சிறிய பகா எண்கள், எங்கே நிறுத்துவது?

50-க்குள் மீதம் இருப்பவை 17, 19, 23, 29, 31, 43, 47. இவற்றுக்கு நேரடியாகவே வகுத்துப் பாருங்கள். வரவேண்டிய மீதிகள்: 17-க்கு 2, 19-க்கு 10, 23-க்கு 14, 29-க்கு 15, 31-க்கு 14, 43-க்கு 34, 47-க்கு 1.

கால்குலேட்டரில் 13717421 ÷ 17 என்று போட்டால் 806907.1176… என்று வரும். தசமப் பகுதியைப் பார்த்து "வகுபடவில்லை" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். 806907 × 17-ஐக் கழித்து மீதி 2 என்று எழுதுங்கள். 47 மாதிரி மீதி 1 வரும் இடங்களில் ஓர் இலக்கத்தைத் தப்பாக அழுத்தியிருந்தால் கதையே மாறிவிடும்.

இப்படி எதுவரை போவது? வர்க்கமூலம் வரை. எண்ணில் பாதி வரை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓர் எண் இரண்டு எண்களின் பெருக்கலாக இருந்தால் இரண்டும் ஒருசேர வர்க்கமூலத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது. பெருக்கினால் எண்ணைத் தாண்டிவிடும். ஆகவே சிறியது வர்க்கமூலத்துக்குள் அகப்பட்டே தீரவேண்டும்.

13717421-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 3703.7. அதாவது 3703 வரை உள்ள பகா எண்கள் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். ஐந்நூறுக்கு மேல் வரும். பொறுமை இருந்தாலும் இங்கே கொஞ்சம் நின்று வேறு வழி பார்ப்பது நல்லது.

## 7. ஃபெர்மா முறை: வர்க்க வித்தியாசமாகப் பாருங்கள்

பகா எண் அல்லாத ஒற்றை எண் எதையும் அ² − ஆ² என்று எழுதலாம். அது (அ − ஆ) × (அ + ஆ) என்று பிரிந்து காரணிகளைக் கையில் கொடுத்துவிடும். இதில் அ என்பது இரண்டு காரணிகளின் சராசரி, ஆ என்பது அவற்றின் வித்தியாசத்தில் பாதி. காரணிகள் இரண்டும் நெருங்கி இருந்தால் அ வர்க்கமூலத்துக்குச் சற்று மேலேயே கிடைத்துவிடும்.

வர்க்கமூலம் 3703.7 என்பதால் 3704-இலிருந்து தொடங்குவோம்.

3704² = 1,37,19,616. அதிலிருந்து 1,37,17,421-ஐக் கழித்தால் 2195. இது வர்க்க எண்ணா? 5-இல் முடியும் வர்க்க எண் 25-இல்தான் முடியும். இது 95-இல் முடிகிறது. தள்ளுபடி.

3705² = 1,37,27,025. கழித்தால் 9604. இது 98².

ஆகவே 13717421 = 3705² − 98² = (3705 − 98) × (3705 + 98) = 3607 × 3803.

வகுத்தல் வழியில் போயிருந்தால் 3607 வரும் முன் 503 பகா எண்களைத் தாண்டியிருக்க வேண்டும். இங்கே இரண்டே படி. உண்மையில் ஒரே படியில் முடித்திருக்கலாம். 13717421-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. ஒற்றை எண்ணின் வர்க்கம் 4-ஆல் மீதி 1 தரும், இரட்டை எண்ணின் வர்க்கம் மீதி 0. வித்தியாசம் 1 வரவேண்டுமென்றால் அ ஒற்றை, ஆ இரட்டை. எனவே 3704-ஐத் தொட்டிருக்கவே வேண்டாம். மீதி 3 வரும் எண்களில் இது தலைகீழ்: அ இரட்டை, ஆ ஒற்றை.

இந்த முறையின் வேகத்தைப் பார்த்து மயங்கி, அடுத்த எண்ணுக்கு இதையே முதல் படியாக வைப்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு கணக்கு. மேலே வந்த 6455257-ஐ இந்த முறையில் பிரிக்க முயன்றால், வர்க்கமூலம் 2540.7, தொடக்கம் 2541. காரணிகள் 17, 379721, சராசரி 1,89,869. அங்கே போய்ச் சேர, ஒன்று விட்டு ஒன்று பார்த்தாலும் தொண்ணூறாயிரத்துக்கு மேல் படிகள். 17-ஆல் வகுத்திருந்தால் ஒரே வரி. சிறிய பகா எண்களை முதலில் தீர்த்துவிட்டு, அதன்பின் ஃபெர்மா என்ற வரிசை இதனால்தான். இருபது முப்பது படிகளில் வர்க்க எண் வரவில்லை என்றால் விட்டுவிட்டு வகுத்தலுக்கே திரும்புங்கள்.

## 8. கிடைத்தவை பகா எண்கள்தானா?

3607 × 3803 என்று வந்ததும் பேனாவை மூடிவைத்துவிடத் தோன்றும். இரண்டும் இன்னும் உடையலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

நல்ல செய்தி: 3607-இன் வர்க்கமூலம் 60-ஐச் சற்றுத் தாண்டுகிறது, 3803-இனுடையது 61.7. ஆகவே 59, 61 வரை சோதித்தால் போதும். அதைவிட நல்ல செய்தி: 47 வரை உள்ள எல்லாப் பகா எண்களையும் 13717421-இல் ஏற்கெனவே சோதித்துவிட்டோம். பெருக்குத்தொகையை வகுக்காத பகா எண் அதன் காரணியையும் வகுக்காது. மிச்சம் 53, 59, 61 மட்டும்.

3607: 53-ஆல் மீதி 3, 59-ஆல் மீதி 8. இதன் வர்க்கமூலம் 61-க்குள் என்பதால் 61 தேவையில்லை.

3803: 53-ஆல் மீதி 40, 59-ஆல் மீதி 27, 61-ஆல் மீதி 21.

இரண்டும் பகா எண்கள். ஓரத்தில் மீதிகளை ஒழுங்காக எழுதிவைத்தவர்களுக்கு இந்தப் படி ஐந்து வகுத்தலில் முடிகிறது. எழுதாதவர்கள் மறுபடி 7-இலிருந்து தொடங்குவார்கள்.

123456789 = 3² × 3607 × 3803

## 9. இரண்டு தராசுகளில் நிறுத்துப் பாருங்கள்

பெருக்கிப் பார்ப்பது ஒரு வழி. அதே கால்குலேட்டரில் அதே விரல் அதே தவற்றைச் செய்யும் வாய்ப்பு உண்டு என்பதால் மீதிகளை வைத்துத் தனியாகச் சரிபார்க்கச் சொல்வேன்.

9-இன் மீதி: 3607-இன் இலக்கக் கூட்டுத்தொகை 16, அதிலிருந்து 7. 3803-க்கு 14, அதிலிருந்து 5. 7 × 5 = 35, அதிலிருந்து 8. 13717421-க்கு 26, அதிலிருந்து 8. பொருந்துகிறது.

ஆனால் 9 மட்டும் போதாது. 13717421-ஐத் தவறுதலாக 13717241 என்று எழுதியிருந்தால் கூட்டுத்தொகை மாறாது, 9-இன் சோதனை அதைக் கண்டுகொள்ளாது. பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறுவதுதான் கையால் எழுதும்போது அதிகம் நடக்கும் பிழை. அதைப் பிடிக்க 11 வேண்டும்.

11-இன் மீதி: 3607-க்கு 10, 3803-க்கு 8. பெருக்கினால் 80, மீதி 3. ஐந்தாம் படியில் குறித்துவைத்த மீதியும் 3. பொருந்துகிறது. இலக்கம் மாறிய 13717241-க்கு மீதி 10 வரும், உடனே மாட்டிக்கொள்ளும்.

## 10. காரணிகளின் எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும்

ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: (2 + 1) × (1 + 1) × (1 + 1) = 12. ஒன்றைக் கூட்டுவது ஏனென்றால், அந்தப் பகா எண்ணை எடுக்காமல் விடுவதும் ஒரு தேர்வு. 3-ஐப் பொறுத்தவரை ஒன்றும் எடுக்காமல், ஒன்று எடுத்து, இரண்டும் எடுத்து என்று மூன்று வழிகள்.

பன்னிரண்டையும் எழுதிவிடலாம்: 1, 3, 9, 3607, 3803, 10821, 11409, 32463, 34227, 13717421, 41152263, 123456789. முதலும் கடைசியும் பெருக்கினால் நம் எண் வரும், இரண்டாவதும் கடைசிக்கு முந்தியதும் அப்படியே. ஆறு இணைகளும் பொருந்தினால் பட்டியலில் எதுவும் விடுபடவில்லை.

கூட்டுத்தொகைக்கு ஒவ்வொரு பகா அடுக்குக்கும் தனித்தனிக் கூட்டுத்தொகை எடுத்துப் பெருக்கவேண்டும்: (1 + 3 + 9) × (1 + 3607) × (1 + 3803) = 13 × 3608 × 3804 = 17,84,22,816.

இங்கே வரும் வழக்கமான தவறு 1 + 9 = 10 என்று போடுவது. நடுவில் இருக்கும் 3 காணாமல் போய்விடும். அந்த 13-ஐ ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

எண்ணை விட்டு மற்றக் காரணிகளை மட்டும் கூட்டினால் 17,84,22,816 − 12,34,56,789 = 5,49,66,027. இது எண்ணைவிடச் சிறியது. எனவே நம் எண் குறைவெண். 6-இல் 1 + 2 + 3 = 6 என்று சரியாக வருவதுபோல் இங்கே வரவில்லை, பாதியைக்கூட எட்டவில்லை.

## 11. பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை?

1 முதல் 123456789 வரை, நம் எண்ணோடு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை? இதற்குத்தான் ஆய்லர் சார்பு. 9-க்கு 9 − 3 = 6. பகா எண்களுக்கு ஒன்று குறைத்து 3606, 3802.

6 × 3606 × 3802 = 8,22,60,072.

9-க்கு 8 என்று போடுவது இங்கே வரும் தவறு. ஒன்றைக் குறைப்பது பகா எண்ணுக்கு மட்டும். 9-க்குள் 3, 6, 9 மூன்றுமே விலக வேண்டும்.

விடை நியாயமானதா என்று பார்க்க: மூன்றின் மடங்குகளை நீக்கினாலே எண்ணில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 8,23,04,526 மிஞ்சும். 3607, 3803-இன் மடங்குகள் அபூர்வம், அவை கொஞ்சம்தான் குறைக்கும். நம் விடை அதைவிடச் சற்றே குறைவு. சரிதான்.

## 12. வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா?

எனக்குப் பிடித்த பகுதி இது. வகுப்பில் பாதிப்பேர் தடுக்கி விழுவதும் இங்கேதான்.

4-ஆல் வகுத்து மீதி 1 வரும் பகா எண் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக வரும். நம் எண்ணுக்கும் மீதி 1. ஆகவே வரும் என்று எழுதிவிடுவார்கள். நம் எண் பகா எண் அல்ல என்பதை அந்த நேரத்தில் மறந்துவிடுகிறார்கள்.

பொது விதி: 4-ஆல் மீதி 3 வரும் ஒவ்வொரு பகாக் காரணியும் இரட்டைப்படை அடுக்கில் இருக்கவேண்டும். 3 இரண்டாம் அடுக்கில் இருக்கிறது, பரவாயில்லை. 3607-க்கு மீதி 3, அடுக்கு 1. 3803-க்கும் மீதி 3, அடுக்கு 1. இரண்டு பேரும் தடை. மீதி 3 உள்ள இரண்டு எண்களைப் பெருக்கியதால் மீதி 1 ஆகி, வெளியிலிருந்து பார்க்க நல்ல பிள்ளையாகத் தெரிகிறது. ஆகவே 123456789-ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதவே முடியாது.

மூன்று வர்க்கங்கள் என்றால்? நான்கால் வகுபடாத எண்ணில், 8-ஆல் மீதி 7 வந்தால் மட்டுமே தடை. நமக்கு 5. ஆகவே முடியும். தேடுவதும் எளிது: பெரிய வர்க்கத்தை முதலில் கழியுங்கள். 11111² = 12,34,54,321. மிச்சம் 2468. அது 4 × 617. 617 பகா எண், 4-ஆல் மீதி 1, எனவே பிரியும்: 19² + 16². 4-ஐ உள்ளே சேர்த்தால் 38² + 32².

123456789 = 11111² + 38² + 32²

வர்க்க வித்தியாசமாக எழுத எத்தனை வழி? காரணி இணைகள் ஆறு, எல்லாம் ஒற்றை, எனவே ஆறு வழி. மிக நெருங்கிய இணை 10821 × 11409. அதிலிருந்து 11115² − 294².

## 13. இன்னொரு பெரிய எண்ணோடு மீ.பெ.கா., மீ.சி.ம.

இலக்கங்களைத் திருப்பிப் போட்ட 987654321-ஐ எடுப்போம். இரண்டையும் காரணிப்படுத்தித்தான் மீப்பெரு பொதுக் காரணி காணவேண்டும் என்பதில்லை. யூக்ளிட் முறையில் பெரியதைச் சிறியதால் வகுங்கள்:

987654321 = 8 × 123456789 + 9

மீதி 9. 123456789 அந்த 9-ஆல் சரியாக வகுபடும். முடிந்தது, மீ.பெ.கா. 9. ஒன்பது இலக்க எண்கள் இரண்டுக்கு இரண்டே வரி. காரணிகள் ஏற்கெனவே தெரிந்திருந்தாலும் இதைச் செய்து பாருங்கள், நம் காரணிகளுக்கு இது இன்னொரு சாட்சி.

மீச்சிறு பொது மடங்குக்கு முதலில் ஓர் எண்ணை 9-ஆல் வகுத்துவிட்டுப் பிறகு பெருக்குங்கள்: 13717421 × 987654321 = 13548070123626141. முழுதாகப் பெருக்கிவிட்டு வகுப்பது அநாவசியம், ஆபத்தும்கூட. முழுப் பெருக்குத்தொகை 121932631112635269, பதினெட்டு இலக்கம். எக்செல் பதினைந்து இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும், கடைசி மூன்று இலக்கத்தைப் பூச்சியமாக்கிவிடும். மீ.சி.ம.-கூடப் பதினேழு இலக்கம், ஆகவே கடைசி இலக்கத்தைக் கையால் பாருங்கள்: 1 × 1 = 1. திரையில் 0 வந்தால் நம்பாதீர்கள்.

## 14. இரும வடிவம்

0, 1 இரண்டை மட்டும் வைத்து நம் எண்ணை எழுதினால் 111 0101 1011 1100 1101 0001 0101. மொத்தம் 27 இடங்கள், அவற்றில் 16 ஒன்றுகள். 2²⁶-க்கும் 2²⁷-க்கும் நடுவில் (6,71,08,864, 13,42,17,728) நம் எண் இருப்பதால் 27 இடம் சரி. கடைசி மூன்று இடம் 101, அதாவது 5. மூன்றாம் படியில் 8-ஆல் வந்த மீதி அதுதான்.

## 15. பக்கத்து எண்ணில் ஏமாறாதீர்கள்

12345679 × 9 = 111111111 என்ற வித்தையைப் பலர் பார்த்திருப்பார்கள். அதில் 8 கிடையாது. அது 37 × 333667, முற்றிலும் வேறு எண். 8-ஐச் சேர்த்துவிட்டு வித்தை வரவில்லையே என்று திகைப்பவர்களும், 8-ஐ விட்டுவிட்டு 3607-ஐத் தேடுபவர்களும் உண்டு. எண்ணைத் தாளில் எழுதியதும் இலக்கங்களை ஒருமுறை எண்ணிவிடுங்கள்.

இருபது இலக்கத்துக்கு மேல் போனால் கைக்கணக்கு உதவாது. லினக்ஸ் கணினியில் ஃபேக்டர் என்ற கட்டளையே காரணிகளைக் கொடுத்துவிடும், பைத்தான் நிரல்மொழியில் சிம்பை என்ற கணித நிரல் தொகுப்பு இருக்கிறது. அப்போதும் 9, 10, 11, 12 படிகள் மாறுவதில்லை.

## 16. நீங்களே செய்து பார்க்க

987654321-ஐ முழுதாகச் செய்யுங்கள். 3² × 17² × 379721 என்று வரவேண்டும். கடைசிக் காரணி பகா எண் என்று உறுதிசெய்ய 613 வரை போகவேண்டியிருக்கும், ஒரு மாலை நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். காரணிகள் 18, அவற்றின் கூட்டுத்தொகை 151,54,70,502, ஆய்லர் எண்ணிக்கை 61,97,03,040.

இந்த எண்ணில் 4-ஆல் மீதி 3 தரும் பகாக் காரணி 3 மட்டுமே, அதுவும் இரண்டாம் அடுக்கில். ஆகவே 123456789 மறுத்ததை இது செய்யும். 379721-இலிருந்து 616², 615² என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். ஆறாவது முயற்சியில் 611²-இல் மிச்சம் 6400 வரும், அது 80². இரண்டையும் 3 × 17 = 51-ஆல் பெருக்கினால்

987654321 = 31161² + 4080²